லேஞ்சி போட்ட இடம்

வழக்கமாக நான்தான் அருளுக்குப் போன் எடுப்பேன், பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. அவன் எனக்கு எடுப்பதில்லை. அது அவனுடைய அக்கா ஜெனோவா நோயில் படுத்தபோது போட்ட சட்டம். ஏன் போட்டாள் என்று பிறகு சொல்கிறேன். அன்று காலை பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, கண்டி வீதியைக் கடக்க நிற்கும்போது போன் அடித்தது. பார்த்தால் அருளின் பெயர். காலை நேரம், அவனாக எடுக்கிறான். எடுக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. "சுமதியக்கா" என்றான். "சொல்லாதை, தெரியும்" என்றேன். பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. லொறியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. வீதியைக் கடக்க வந்தவள் கடக்காமலே நின்றேன்.

ஜெனோவாவும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து வருடக் கணக்காக வேலை செய்தவர்கள். எங்களுக்கு அவள் ஜெனோ. கரையில் இருக்கிற உங்களுக்கு அவள் லைற் போட்ட பிள்ளை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அருள் கேட்டபோது, நான் கொம்பியூட்டருக்கு எழுதுகிறவள், மனிதருக்கு எழுத எனக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் சேமக்காலையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அவளுக்கு மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பி நடக்கிறோம். இளமையில் இருந்து அந்தக் கடலில் தொழில் செய்தவர் அவர். என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார். "பிள்ளை, செய்தவள் போயிட்டாள். இனி அந்த லைற்றை நம்பி இறங்கலாமோ?"

கேள்வி பிழையானதல்ல. அந்த லைற்றைப் பார்த்துத்தான் அருளும் மற்றப் பிள்ளைகளும் வள்ளத்தைக் கடலில் தள்ளுகிறார்கள். அது பிழை காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கான பதில். கொஞ்சம் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் சிநேகிதிகள் ஆவதற்கு முதல் சண்டைக்காரிகள். வவுனியா பஸ் நிலையத்தில் நல்ல சனம். நான் எப்படியோ முட்டி மோதி ஏறினால், யன்னலோரச் சீற் ஒன்றில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, எங்கள் பேச்சில் லேஞ்சி, ஒன்று கிடந்தது. வெளியே நின்றபடியே யன்னலால் லேஞ்சியை எறிந்து இடம் பிடிப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயந்தான். அப்படிக் கிடந்தால் மற்றவர்கள் இருப்பதில்லை. ஆனால் எனக்கு அன்று விடிந்ததில் இருந்தே யாருடனாவது கொழுவ வேண்டும் போல இருந்தது. லேஞ்சியைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு இருந்துகொண்டேன். சனத்துக்குள்ளால் நெருக்குப்பட்டு வந்த ஒரு ஒல்லிப் பெண் என் முன்னால் நின்றாள். "லேஞ்சிக்கு ரிக்கெற் எடுத்தனீங்களோ?" என்று நானே தொடங்கினேன். அவள் சத்தம் போடவில்லை.

"அது என்ர இடம் எண்டு சீற்றுக்குத் தெரியாது" என்றாள். "மனிசருக்குத்தான் தெரியவேணும்."

சொல்லிவிட்டு லேஞ்சியைக் கேட்டு வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி மாங்குளம் வரும் மட்டும் நின்றே வந்தாள். எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் மனம் விடவில்லை. மாங்குளத்தில் பக்கத்தில் இருந்தவர் இறங்க, அந்தச் சீற்றில் இருந்துகொண்டு, எங்கே போகிறீர்கள் என்று ஒன்றும் நடவாதது போலக் கேட்டாள். பரந்தன் என்றேன். அவளும் பரந்தன். இறங்கினால் இரண்டு பேரும் ஒரே டயர்க் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறுகிறோம். மேலே குகன் அண்ணாவின் இரண்டு அறைக் கொம்பனியில் இருவருக்கும் அதே நாள்தான் வேலை தொடக்கம். படியில் அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதுக்குள் கிடக்கிறது.

எங்கள் வேலை டிரைவர் எழுதுவது. பஸ் ஓட்டுகிறவர் அல்ல. கொம்பியூட்டரோடு சேர்க்கிற கருவிகளுடன் அது கதைப்பதற்கு வேண்டிய சின்ன நிரல். ஒரு கருவியின் அட்டை தன் நினைவகத்தில் ஒரு துண்டைக் கொம்பியூட்டருக்குத் திறந்துவிடும். பார்வைக்கு அது கொம்பியூட்டரின் சொந்த நினைவகம் போலவே இருக்கும். முகவரி சொல்லி வாசிக்கலாம், எழுதலாம். ஆனால் அது பொது இடம். இந்தப் பக்கம் நாங்கள் வாசிக்கும்போது அந்தப் பக்கம் கருவி எழுதிக்கொண்டிருக்கும். அதனால் எந்த டிரைவரும் அந்தத் துண்டைத் தொட முதல், இது எனக்கு வேண்டும் என்று இயங்குதளத்திடம் கேட்டுப் பெயர் பதிய வேண்டும். வேறொன்று ஏற்கெனவே பதிந்திருந்தால் இல்லை என்று சொல்லிவிடும். வேடிக்கை என்னவென்றால், கேட்காமலே போய்த் தொட்டாலும் அட்டை தடுக்காது. அதற்கு யார் தொடுகிறார்கள் என்றே தெரியாது. மரியாதை தெரிந்த நிரல்களுக்குள் இருக்கிற ஒரு உடன்பாடுதான் அது.

இதை நான் எழுதிய முதல் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனோதான் கண்டுபிடித்தாள். "உது லேஞ்சிதானேடி" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் அறையில் அந்த வேலைக்கு வேறு பெயரே இல்லை. லேஞ்சி போட்டாச்சோ, ஆரின்ர லேஞ்சி கிடக்கு, லேஞ்சி இல்லாமல் இருந்திட்டுது என்றுதான் கதை. புதிதாக வருகிறவர்கள் நாங்கள் துணிக்கடைக்கு மென்பொருள் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கதையோடு நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. நான் ஒன்றை ஏற்றிப் பார்க்க, அவள் இன்னொன்றை ஏற்ற, பாதி நாள் சண்டையில் போனது. அவள் தன்னுடைய நீல லேஞ்சியை எடுத்துப் பெட்டிக்கு மேல் விரித்தாள். லேஞ்சி கிடக்கும் மட்டும் மற்றவர் தொடக்கூடாது. வைத்தவர்தான் எடுக்க வேண்டும். எழும்பினால் எடுத்துக்கொண்டுதான் எழும்ப வேண்டும். நான் என்னுடைய பூப்போட்டதை வைத்துவிட்டு மறந்து சாப்பிடப் போய்விடுவேன். அவள் பெட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நான் வரும் மட்டும் இருப்பாள். எடுத்து எறிந்திருக்கலாமே என்றால் தலையை ஆட்டுவாள். "வைச்சிட்டுப் போன ஆள் திரும்பி வராட்டில், மிச்சச் சனம் நிண்டுகொண்டுதான் வரவேணும், என்ன" என்பாள். மாங்குளம் மட்டும் நின்றதை அவள் ஒருநாளும் மறக்கவிடவில்லை.

வட்டக்கச்சியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமை வந்தால் முல்லைத்தீவு பஸ்ஸில் கரைக்கு ஓடிவிடுவாள். திங்கட்கிழமை கருவாடும் கதையும் கொண்டுவருவாள். கதை முழுக்க அருளைப் பற்றியது. தகப்பனுக்கு இயலாமல் போக வள்ளம் அவன் கைக்கு வந்திருந்தது. அவன் துணிச்சல்காரன், அவள் பயந்தவள். எங்கள் குடும்பம் மலைநாட்டில் இருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டித் தோட்டம் செய்த குடும்பம். எனக்குக் கடல் என்றால் போட்டோவில் பார்ப்பதுதான். அதனால் அவள் சொல்லும் பயம் எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. தோட்டக்காரர் வீட்டில் மழை பிழைத்தால் பயிர் போகும், ஆள் போவதில்லை.

அந்தப் பயத்தில் இருந்து வந்ததுதான் லைற். கரையில் உள்ள மீனவர் சங்கத்துக்கு ஒரு பண உதவி கிடைத்தபோது, கடலுக்குள் ஒரு மிதவை விட்டு, அதில் காற்றை அளந்து, கரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டலாம் என்று அவளே போய்ச் சொன்னாள். குகன் அண்ணா தலையில் கை வைத்தார். ஆனால் மறுக்கவில்லை. கடற்கரையில் மீனவர் கொட்டிலான வாடிக்குள் ஒரு பெட்டி, எங்கள் மேசையில் அதே மாதிரி இன்னொன்று. மிதவை ரேடியோவில் அனுப்புவதைப் பெட்டிக்குள் இருக்கிற அட்டை வாங்கித் தன் நினைவகத்தில் போடும். போட்டதும், புதிது வந்திருக்கிறது என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடையாளம் வைக்கும். ஜெனோ எழுதிய டிரைவர் அந்தக் கட்டத்தைப் பார்த்து, அடையாளம் இருந்தால் புதிய காற்றை எடுத்து லைற்றை மாற்றும். இல்லாவிட்டால் பழைய நிறத்தை அப்படியே வைத்திருக்கும். அந்தக் கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. வாசித்த உடனே அடையாளம் தானாக அழிந்துவிடும். ஒரே விஷயத்தை இரண்டு தரம் எடுக்காமல் இருக்க அட்டையைச் செய்தவர்கள் அப்படி வைத்திருந்தார்கள்.

லைற் எரியத் தொடங்கிக் கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், அவள் சாரி கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஒருநாள் மத்தியானம், வாடைக் காற்று தொடங்குகிற காலம். கடலைப் பார்த்த பெரியவர்கள் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். லைற் பச்சையில் நின்றது. அருள் பெரியவர்களைப் பார்க்கவில்லை, லைற்றைப் பார்த்தான். அது அக்காவின் லைற் அல்லவா? வள்ளத்தை இறக்கினான். திரும்பி வந்தபோது வள்ளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர், வலை இல்லை, இயந்திரம் நின்று போயிருந்தது, கூடப் போனவன் குடித்த உப்புத் தண்ணீரைச் சத்தி எடுத்தபடி கிடந்தான். உயிரோடு வந்ததே பெரிய காரியம் என்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. மேசையில் இருந்த பெட்டியை நாங்கள் குடைந்தோம். அது ஒருநாளும் பிழை விடவில்லை. கொம்பியூட்டர் சில வேளை வேகத்துக்காக வாசித்ததைக் கிட்ட ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தப் பழைய பிரதியையே திருப்பித் தரும். கருவியின் நினைவகத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். அதைச் சொல்ல மறந்தோமோ என்று பார்த்தோம். மறக்கவில்லை. கரையில் லைற் சில நாள் சரி, சில நாள் பிழை. கடல் மோசமாகி ஒருவரும் இறங்காத நாட்களில் அது சொன்னபடி மாறியது. ஆட்கள் கடலில் நிற்கிற நாட்களில்தான் பழைய நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றுகூடக் கரையில் கதை வந்தது. எனக்கே பாதி நம்பலாம் போல இருந்தது.

இப்படி இருக்க ஒருநாள் சங்கத்தில் இருந்து ஒருவர் போனில், லைற் பச்சையில் நிற்குது, காற்று எழும்புது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருளும் வேறு சிலரும் கடலுக்குள். ஜெனோ தன் பக்கத்துத் திரையைக் காட்டி, இங்கே சரியாகத்தான் வருகிறது, காற்று ஏறியிருக்கிறது, லைற் மாறியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் இல்லை என்கிறார், இவள் ஓம் என்கிறாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். "அந்தத் திரையைப் பூட்டித் தொலையடி விசரி, சரி சரி எண்டு காட்டி ஆருக்கு என்ன பிரயோசனம்" என்று கத்தினேன். அவள் அழுகையோடு அதை நிறுத்தினாள். போனுக்குள் இருந்து அவர் குரல் வந்தது.

"பிள்ளை, மாறிட்டுது. சிவப்பு வந்திட்டுது."

நான் அது மாறிவிட்டது என்று மூச்சு விட்டேன். அவள் அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கரையில் நின்றவர்கள் சீழ்க்கை அடித்து, கொடி ஆட்டி, கிட்ட நின்ற வள்ளங்களைக் கூப்பிடுகிற சத்தம் போனுக்குள்ளால் கேட்டது. அருளின் வள்ளமும் திரும்புகிறது என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "நான்தான்டி" என்றாள். "நான் பாத்ததுதான்."

நடந்தது இதுதான். அருள் கடலுக்குப் போகிற நாள் என்றால், அவன் இறங்க முதலே அவளுக்கு மேசையில் இருக்க முடியாது. கரையில் உள்ள பெட்டியை இங்கே இருந்தபடி எட்டிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். அது அட்டையின் நினைவகத் துண்டு முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துத் திரையில் கொட்டும், திரும்பத் திரும்ப. காற்றை மட்டுமல்ல, அந்த அடையாளக் கட்டத்தையும் சேர்த்துத்தான் வாசித்தது. வாசித்ததும் அடையாளம் அழிந்தது. லைற்றின் டிரைவர் போய்ப் பார்க்கும்போது அங்கே ஒன்றுமில்லை. புதிது வரவில்லை என்று நினைத்துப் பழைய நிறத்தையே வைத்திருந்தது. அருள் வீட்டில் இருக்கிற நாட்களில் அவள் பார்ப்பதில்லை, லைற் ஒழுங்காக வேலை செய்தது. அவனுக்கு என்ன ஆகுமோ என்று அவள் பார்த்த நாளெல்லாம், அவன் நம்பிய லைற்றை அவளே கட்டிப்போட்டாள். மேசைப் பெட்டியில் அந்த நிரலை ஏற்றிப் பார்த்தோம், அந்த நிமிடமே அதுவும் பிழை விட்டது.

பெட்டிக்கு மேல் லேஞ்சி இல்லாமல் கை வைத்தால் என்னைத் தின்றுவிடுகிறவள், தன்னுடைய அந்த நிரலுக்கு மட்டும் லேஞ்சி போடவில்லை. ஏன் என்று கேட்டேன். அவளைப் போல ஒழுங்கானவள் செய்யக்கூடிய பிழை அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். "இருக்கத்தானேடி லேஞ்சி வேணும்" என்றாள். "எட்டிப் பாக்கிறதுக்கு எதுக்கு எண்டு நினைச்சன்."

அடுத்த நாளே கரைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். குகன் அண்ணா, பிழையைத் திருத்திவிட்டோம் என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். அவள் ஏணியில் ஏறி லைற்றுக்கு மேல் சாக்கைப் போட்டுக் கட்டினாள். அருள்தான் ஏணியைப் பிடித்தான். கீழே சனம் கூடிவிட்டது. அவள் இறங்கி நின்று, இது என்ர பிழை, நான் வந்து சாக்கை அவிழ்க்கும் மட்டும் இதைப் பாராதேங்கோ, பெரியாக்களைக் கேட்டு இறங்குங்கோ என்று சொன்னாள். கொம்பியூட்டர் படிச்சு என்ன, தன்ர தம்பியைக் கொல்லப் பாத்தவள் என்று கூட்டத்துக்குள் ஒரு குரல் வந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அது உண்மைதானே என்று மெல்லச் சொன்னாள்.

திருத்தத்துக்குக் கனநாள் எடுத்தாள். இனி அந்தக் கட்டத்தை வாசிப்பது ஒரே ஒரு டிரைவர். அது வாசித்ததைச் சாதாரண நினைவகத்தில் நேரத்தோடு ஒரு பிரதியாக எழுதி வைக்கும். லைற்றோ, சங்கமோ, நாங்களோ, யார் பார்க்க வேண்டுமென்றாலும் பிரதியைத்தான் பார்க்க வேண்டும். அதை எத்தனை பேர் எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றும் கெடாது. பிரதி பழசாகிவிட்டால் லைற் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். போதாததற்கு, பெயர் பதிந்த இடத்தை வேறு எந்த நிரலும் எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி இயங்குதளத்தை இறுக்குகிற ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் போட்டாள். தன் கையாலேயே தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள் என்று நான் பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

சாக்கை அவிழ்த்த காலை எனக்கு நல்ல நினைவு. லைற் பச்சை. கடலும் பச்சை சொல்லத்தக்க கடல்தான். ஒருவரும் இறங்கவில்லை. மணலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அருள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்துக்குத் தோள் கொடுத்தான். ஜெனோ நீல லேஞ்சியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் போனை நீட்டி, பிரதியைப் பாரன், அது பார்த்தால் ஒன்றும் ஆகாதே என்றேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். "அவன் எதைப் பாத்துப் போறானோ, நானும் அதைத்தான் பாக்கப்போறன்" என்றாள். அவன் திரும்பி வரும் மட்டும் கடற்கரையில் நின்று, எல்லாச் சனத்தையும் போல லைற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியை இங்கே இருந்து பார்த்ததே இல்லை. அருளுடைய வள்ளமும் அந்த லைற்றை நம்பி இறங்கி, இன்றுவரை நனைந்தது தவிர வேறு கேடில்லாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஜெனோவுக்கு வருத்தம் வந்து கொழும்பில் வைத்தியம் பார்த்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கரைக்குத் திரும்பிய பிறகு, ஊரெல்லாம் போன் எடுத்தது. எப்படி இருக்கிறாய், முகத்தைக் காட்டு, சாப்பிட்டாயா என்று அவளை ஒரு நிமிடம் படுக்கவிடவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒருநாள் எடுத்து நல்லாய் ஏசினாள். "ஒராள் என்னைப் பாக்கட்டும். மிச்சாக்கள் அவனிட்டக் கேளுங்கோ. ஆளாளுக்கு வந்து பாத்தால், இருக்கிற கொஞ்சமும் கரைஞ்சுபோயிடுமடி" என்றாள். பார்க்கிற ஆள் அருள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருடம் ஒரே மேசையில் இருந்தவளுக்கு அருள் சொல்லும் பிரதிதானா என்று சண்டை பிடித்தேன். பிடித்துவிட்டு ஒவ்வொரு பின்னேரமும் அவனுக்குத்தான் எடுத்தேன். இன்று கஞ்சி குடித்தாள், இன்று கொஞ்ச நேரம் வெளியே கதிரையில் இருந்தாள் என்று அவன் சொல்வான். குரல் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே மிச்சத்தை நான் விளங்கிக்கொள்வேன்.

ஒரேயொரு தரம் அவளே என்னை வரச் சொன்னாள். போனேன். மெலிந்துதான் போயிருந்தாள், ஆனால் வாய் மெலியவில்லை. பெட்டியில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். "என்ர லேஞ்சி அதில கிடக்கு. எடுத்துவிடு" என்றாள். வைத்தவர்தான் எடுக்க வேண்டும், வந்து நீயே எடு, அதுதானே சட்டம் என்றேன். அழுதுவிடுவேன் என்று பயந்துதான் அப்படி வெடுக்கென்று சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்து இருமினாள். ஒருநாளும் சட்டத்துக்கு மடங்காதவளுக்கு இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்றாள். பிறகு என் கையைப் பிடித்தபடி கிடந்தாள். வெளியே அருள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அவள் போன பிறகும் பெட்டிக்கு மேல் அந்த நீல லேஞ்சி கிடந்தது. குகன் அண்ணா பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். இப்போதைய இயங்குதளங்களில் ஒரு வசதி இருக்கிறது. டிரைவர் போகும்போது இடத்தை விடாமல் போனாலும், பின்னால் இயங்குதளமே வந்து அதன் லேஞ்சிகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடும். மேசைக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை. நான் என் வேலைகளைப் பெட்டி இல்லாமலே இழுத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நேரத்தில் அருள் சொன்னான், மிதவையில் காற்றளக்கும் கருவி பழுதாகிக்கொண்டு வருகிறது, வாடைக்கு முதல் புதிது போட வேண்டும் என்று. புதிது போட்டால் டிரைவரை மாற்ற வேண்டும். மாற்றினதை மேசைப் பெட்டியில் பார்க்காமல் கரைக்கு அனுப்ப முடியாது. கடலுக்குப் போகிற பிள்ளைகள் என் துக்கம் ஆறும் மட்டும் நின்றுகொண்டு வர வேண்டுமா என்று எனக்கே உறைத்தது.

பெரியவர், நீங்கள் சேமக்காலையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேற்றுக் காலை நான் அவளுடைய லேஞ்சியைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். எடுக்கும்போது வாய்விட்டு அழுதேன், குகன் அண்ணா படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த லேஞ்சி இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. கழுவவில்லை, கழுவப் போவதும் இல்லை. அவளிடம் இருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், அந்தக் காலை கடற்கரையில் அவள் நின்ற நிலையும். பெட்டிக்கு மேல் என்னுடைய பூப்போட்ட லேஞ்சியை விரித்துவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இனி லைற்றைப் பார்க்கிற ஆள் நான். புதிய கருவி போட்டு முதல் தரம் பச்சை எரிகிற அன்று, அருள் வள்ளத்தைத் தள்ளும்போது நானும் அந்த மணலில் நின்று, போனை வெளியே எடுக்காமல், அண்ணாந்து லைற்றைத்தான் பார்ப்பேன். பச்சை எரிந்தால் இறங்குங்கோ. சந்தேகம் வந்தால் ஒராள் எனக்குப் போன் எடுத்தால் போதும். மிச்சாக்கள் அவரிட்டக் கேளுங்கோ.